வாசனைக்கு முழு மதிப்பெண், வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை: சுங்கை சிப்புட் எண்ணெய்க் கடை

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் எங்கள் சுங்கை சிப்புட் கடைத்தெருவில் வாசனை எண்ணெய், நாட்டு மருந்துச் சாமான், குளியல் பொடி எல்லாம் விற்கும் சின்னக் கடை ஒன்று இருக்கிறது. கடையின் பெயரை இங்கே போடப் போவதில்லை. ஊர்க்காரர்களுக்குச் சொல்லாமலே தெரியும், தெரியாதவர்களுக்கு, இனி நான் எழுதப் போவது இந்த மாதிரி எந்தக் கடைக்கும் பொருந்தும். நான் வீட்டில் சோப்பு காய்ச்சி விற்கிறவள், பல வருடமாக எண்ணெய் வாங்குவது இங்கேதான். எண்ணெயின் தரத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் மூன்று நட்சத்திரம்தான் கொடுக்கிறேன், அதற்குக் காரணம் கடை வாசலில், கல்லாவுக்குப் பக்கத்தில் வரிசையாக நிற்கும் அந்த ரோல்-ஆன் பாட்டில்கள்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். மற்ற எண்ணெய் எல்லாமே பழுப்புக் கண்ணாடி பாட்டிலில்தான் வருகிறது, வெயில் படாத உள் அலமாரியில்தான் வைக்கிறார்கள். எலுமிச்சை இன எண்ணெய்கள் வெளிச்சத்திலும் சூட்டிலும் சீக்கிரம் கெட்டுப்போகும், கெட்டது தோலை அரிக்கும், அதனால் இந்தக் கவனம் பெரிய விஷயம். செராய் (எலுமிச்சைப் புல்) எண்ணெய் நல்ல காரமான வாசனை, ஒரு துளி துணியில் வைத்தால் மறுநாள் வரை நிற்கிறது. யூக்கலிப்டஸும் அப்படியே. நலங்கு மாவு தனியாக அரைத்துக் கொடுப்பார்கள், அதில் என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்று கேட்டால் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுவார்கள். கடைக்கார அக்கா பொறுமைசாலி. தோட்டத்து ஆட்கள் சம்பள நாளில் கூட்டமாக வந்து நின்றாலும் முகம் சுளிக்காமல் மூடியைத் திறந்து ஒவ்வொன்றாக முகரக் கொடுப்பார். விலையும் நியாயம், ஈப்போவில் இதே எண்ணெய்க்குக் கூடுதலாகத்தான் கேட்கிறார்கள்.

இப்போது அந்த ரோல்-ஆன். 10 மில்லி பாட்டில், தேங்காய் எண்ணெயில் லிமாவ் நிப்பிஸ் (சின்னப் பச்சை எலுமிச்சை), பெர்கமொட், செராய் மூன்றும் கலந்தது. கொசு அண்டாது, வேர்வை நாற்றம் தெரியாது, மனசுக்குத் தெளிவு என்று சொல்லி விற்கிறார்கள். வாசனை உண்மையிலேயே அருமை. ஏர்ல் கிரே தேத்தண்ணீர் குடித்தவர்களுக்கு பெர்கமொட் மணம் தெரிந்திருக்கும், இத்தாலியின் தெற்கே கலாப்ரியா பக்கம் விளையும் ஒரு வகை நாரத்தை மாதிரியான பழத்தின் தோலிலிருந்து பிழிவது. பாட்டிலில் ஒட்டியிருக்கும் தாளில் எண்ணெய்களின் பெயர் இருக்கிறது, “100 விழுக்காடு இயற்கை” என்று இருக்கிறது, வெயிலைப் பற்றி ஒரு வரி இல்லை.

எங்கள் வரிசையில் குடியிருக்கும் அக்கா ஒருவர் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கும் வேலைக்குப் போகிறார். விடிகாலையில் மோட்டாரில் ஏறும் முன்னால் கழுத்து இரண்டு பக்கமும், முழங்கைக்குக் கீழே உள்பக்கமும் இதை உருட்டிக்கொண்டு போயிருக்கிறார். அன்றைக்கு ஒன்றும் இல்லை. மறுநாள் சாயங்காலம் எரிச்சல் ஆரம்பித்து, அதற்கடுத்த நாள் கழுத்தில் நீர்க் கொப்புளம். நான் போய்ப் பார்த்தபோது கையில் இருந்த சிவப்பு சரியாக ரோல்-ஆன் குண்டின் அகலத்துக்கு, கோடு கோடாக இருந்தது. கழுத்தில் எண்ணெய் வேர்வையோடு சேர்ந்து வழிந்த இடமெல்லாம் கீழ்நோக்கி ஒழுகிய மாதிரி, நுனியில் கொஞ்சம் தடித்து, காறையெலும்பு வரை வந்து நின்றிருந்தது. ஒழுகாத இடத்தில், ஒரு விரல் தள்ளி, தோல் சுத்தமாக இருந்தது. வெயிலில் வெந்திருந்தால் கழுத்து முழுக்க அல்லவா சிவந்திருக்கும்? கிளினிக்கில் டாக்டர் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வியே “லிமாவ் ஏதாவது தொட்டீர்களா?” என்பதுதான். கொப்புளம் ஆறிவிட்டது. அந்தக் கோடுகள் காப்பி நிறத்தில் இன்னும் கையில் இருக்கின்றன. வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் நிற்கும் என்று டாக்டரே சொல்லி அனுப்பினார்.

இது அலர்ஜி இல்லை. இதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் “எனக்கெல்லாம் ஒத்துக்கொள்ளும், எனக்கு அலர்ஜி கிடையாது” என்று சொல்லித்தான் எல்லோரும் தடவுகிறார்கள். பிழிந்தெடுத்த லிமாவ், பெர்கமொட் எண்ணெயில் ஃபியூரோகூமரின் என்று ஒரு கூட்டம் வேதிப்பொருள்கள் இருக்கின்றன, பெர்கமொட்டில் இருப்பதற்கு பெர்காப்டென் என்று பெயர். தோலில் தடவினால் அவை உள்ளே இறங்கும். அது வரைக்கும் ஒன்றும் செய்யாது. சூரியனின் புற ஊதாக் கதிரில் ஏ வகை படும்போதுதான் அவை விழித்துக்கொண்டு தோல் செல்லின் டிஎன்ஏவில் போய் ஒட்டிக்கொள்கின்றன, செல் செத்துப்போகிறது. அதனால்தான் உடனே தெரியாமல் ஒரு நாள் கழித்துத் தெரிகிறது, இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போகிறது. அளவு போதுமான அளவு இருந்து, வெயிலும் போதுமான அளவு இருந்தால் யாருக்கு வேண்டுமானாலும் வரும். நம்ம மாதிரி கறுத்த தோலுக்கு வெயிலைத் தாங்கும் சக்தி கொஞ்சம் கூடுதல் என்பது சரிதான், ஆனால் புண் ஆறின பிறகு வரும் கறுப்புத் தழும்பு நமக்குத்தான் அழுத்தமாக விழும், நாளாகவும் நிற்கும்.

ஒரு காலத்தில் ஐரோப்பாவில் வாசனைத் தண்ணீர் தெளித்துக்கொண்டு வெயிலில் போன பெண்களுக்குக் கழுத்தில் இதே மாதிரி தொங்கட்டான் வடிவத்தில் கறை வந்திருக்கிறது, 1916இலேயே டாக்டர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். காரணம் பெர்கமொட். அதற்கு அப்புறமும் சீக்கிரம் நிறம் ஏறட்டும் என்று பெர்கமொட் கலந்த வெயில் கிரீமே விற்றார்கள். இப்போது புற்றுநோய் ஆய்வுக்கான உலக நிறுவனம் பெர்காப்டெனையும் ஏ வகைக் கதிரையும் சேர்த்து, புற்றுநோய் வரவழைக்க வாய்ப்புள்ளது என்ற பட்டியலில் வைத்திருக்கிறது. எனவே இதைத் தழும்பு விவகாரம் மட்டும் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

அளவுக்கு வருவோம், கடையின் மேல் என் வருத்தம் முழுக்க இங்கேதான். வாசனைப் பொருள் தொழிலுக்கு உலக அளவில் இஃப்ரா என்று ஒரு சங்கம் இருக்கிறது, தோலில் தங்கும் பொருளில் எந்த எண்ணெய் எத்தனை விழுக்காடு வரை சேர்க்கலாம் என்று அவர்கள் வரம்பு வைத்திருக்கிறார்கள். வெயில் படும் தோலுக்கு பெர்கமொட் 0.4 விழுக்காடு, பிழிந்த லிமாவ் 0.7, பிழிந்த மஞ்சள் எலுமிச்சை (லெமன்) 2, கிரேப்ஃப்ரூட் 4. கடைக்கார அக்காவிடம் எத்தனை சொட்டு விடுகிறீர்கள் என்று கேட்டேன். மறைக்காமல் சொன்னார், 10 மில்லிக்கு பெர்கமொட் நான்கு சொட்டு, லிமாவ் ஆறு சொட்டு. ஒரு மில்லிக்கு சுமார் 20 சொட்டு என்று வைத்தால் 10 மில்லி 200 சொட்டு. நான்கு சொட்டு பெர்கமொட் 2 விழுக்காடு ஆகிறது, வரம்பைப் போல ஐந்து மடங்கு. லிமாவ் 3 விழுக்காடு, நான்கு மடங்குக்கும் மேலே. இரண்டும் ஒரே பாட்டிலில். ஒன்றோடு ஒன்று சேரும்போது வரம்பைப் பங்கு போட்டுக் குறைக்க வேண்டும், அதுவும் இல்லை. கணக்குப்படி பார்த்தால் 10 மில்லி பாட்டிலில் பெர்கமொட் ஒரு முழுச் சொட்டு விட்டாலே 0.5 விழுக்காடு, அதுவே வரம்பைத் தாண்டிவிடுகிறது. சொட்டுக் கணக்கில் வீட்டில் கலந்து வெயிலுக்குப் பத்திரமாகச் செய்யவே முடியாத எண்ணெய் இது.

“இயற்கைதானே தங்கச்சி, பழத்தோலுதானே, என்ன செய்யப்போகுது?” என்று அக்கா கேட்டார். அவர் மனசறிந்து யாருக்கும் கெடுதல் செய்கிறவர் இல்லை. அதே கடையில் அவர் கையாலேயே நலங்கு மாவுக்குப் போடுகிற கார்போக அரிசியைத்தான் எடுத்துக் காட்டினேன். வெண்புள்ளிக்குக் கார்போக அரிசி அரைத்துப் பூசி வெயிலில் நிற்கச் சொல்லும் வைத்தியம் நம்மிடம் பழையது. அதில் இருக்கும் சோராலன் ஃபியூரோகூமரின் குடும்பம்தான், அந்தச் செடியின் தாவரப் பெயரை வைத்துத்தான் சோராலனுக்கே பெயர் வந்தது. இன்றைக்கும் ஆஸ்பத்திரியில் தோல் நோய்க்குச் சோராலன் கொடுத்து, விளக்கு வெளிச்சத்தை அளந்து காட்டுகிறார்கள். மருந்தும் வெயிலும் சேர்ந்தால் தோலில் வேலை நடக்கும் என்பது நமக்குத் தெரிந்த சங்கதி, ரோல்-ஆன் பாட்டிலில் வந்ததும் மறந்துவிட்டோம். அக்கா கேட்டுக்கொண்டார். நலங்கு மாவு தேய்த்துக் கழுவி விடுகிற பொருள், நான் அதை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை, ஆனால் கார்போக அரிசி போட்ட மாவை முகத்தில் பூசிக்கொண்டு வாசலில் காயவிடுகிற பழக்கம் இருந்தால் அதை விட்டுவிடுங்கள்.

பிழிந்ததா, காய்ச்சி வடித்ததா என்பதுதான் வாங்கும்போது பார்க்க வேண்டியது. லிமாவ் எண்ணெய் இரண்டு விதமாகவும் வருகிறது. பழத்தை அழுத்திப் பிழிந்தால் ஃபியூரோகூமரின் கூடவே வந்துவிடும். ஆவியில் காய்ச்சி வடித்தால் அது கனமான பொருள், ஆவியோடு ஏறாது, கீழேயே தங்கிவிடும். அதனால் ‘ஸ்டீம் டிஸ்டில்ட்’ என்று எழுதிய லிமாவில் இந்த வெயில் பயம் இல்லை, ‘கோல்ட் பிரஸ்ட்’ என்றோ ‘எக்ஸ்பிரஸ்ட்’ என்றோ எழுதியிருந்தால் பயம் உண்டு. பெர்கமொட்டில் ஃபியூரோகூமரின் நீக்கியது ‘எஃப்சிஎஃப்’ என்ற எழுத்தோடு கிடைக்கிறது. இந்தக் கடையில் லிமாவ் இரண்டு வகையும் இருக்கிறது, அதுதான் ஆச்சரியம். வடித்தது பின் அலமாரியில் இருக்கிறது, கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள், ரோல்-ஆனில் ஊற்றுவது பிழிந்தது, காரணம் அதில் பச்சைப் பழத்தோல் வாசனை அப்படியே இருக்கும். வடித்ததில் கொஞ்சம் மிட்டாய் வாசனை அடிக்கும், உண்மைதான். தோட்டத்துக்குப் போகிறவர் கழுத்துக்கு மிட்டாய் வாசனையே போதும்.

ஆரஞ்சு எண்ணெயைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், இனிப்பு ஆரஞ்சில் இந்தப் பிரச்சினை இல்லை. கசப்பு ஆரஞ்சில் உண்டு, 1.25 விழுக்காடுதான் வரம்பு. செராய், லவெண்டர், யூக்கலிப்டஸ், கிராம்பு இவற்றுக்கும் வெயிலுக்கும் சம்பந்தம் இல்லை, செராயும் கிராம்பும் அதிகமானால் தோலை அரிக்கும், அது வேறு சங்கதி. சீரக எண்ணெய் வெயிலோடு ஆகாத ஜாதிதான், வயிற்றில் தேய்க்கத்தானே வாங்குகிறோம் என்றால் பரவாயில்லை, சட்டை மூடிவிடும். லிமாவ் பூருட் (தோல் சொரசொரப்பான எலுமிச்சை வகை) இலையில் வடித்த எண்ணெய் சரி, ஆனால் பழத்தை நறுக்கி நேரே கைகாலில் தேய்த்துக்கொண்டு காட்டுக்குள் போனவருக்குக் கொப்புளம் வந்தது மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது, பூச்சி கடிக்காமல் இருக்கத் தேய்த்தது. கழுத்துக் கறுப்பு போக எலுமிச்சை மூடி தேய் என்று வீட்டுக்கு வீடு சொல்கிறோமே, வெயிலில் போகிற பிள்ளைகளுக்கு அது கறுப்பைக் கூட்டித்தான் வைக்கும்.

ராத்திரி மட்டும் தடவினால் போதாதா என்று எங்கள் பக்கத்து வீட்டில் கேட்டார்கள். பிழிந்த எண்ணெய் வரம்புக்கு மேல் பட்ட தோலைக் குறைந்தது 12 மணி நேரம் வெயிலில் காட்டக்கூடாது என்பது வாசனை எண்ணெய் பழகுகிறவர்கள் வைத்திருக்கும் விதி, 18 மணி நேரம் என்று சொல்பவர்களும் உண்டு. குளிர் நாட்டில் இருக்கிறவர்களுக்கு அது எளிது. நம்ம ஊரில் பகலும் இரவும் கிட்டத்தட்ட சமம், ஏழு மணிக்கு மேல்தான் விடிகிறது, ஏழு மணி வாக்கில்தான் பொழுது சாய்கிறது. இரவு பத்து மணிக்குப் படுக்கப் போகும்போது தடவினால் 12 மணி நேரம் முடிவது காலை பத்துக்கு. பத்து மணிக்குள் தோட்டத்தில் எத்தனை பழக்குலை வெட்டி இறக்கியிருப்பார்கள்! வேலை நாளில் ராத்திரி கூட வேண்டாம் என்பதுதான் என் பதில். லீவு நாளில் வீட்டுக்குள்ளேயே இருக்கப்போகிறீர்களா, தடவிக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குள் என்றால் கண்ணாடி ஜன்னல் ஓரமும் கணக்கில் வரும். நமக்குத் தோல் எரிய வைக்கும் பி வகைக் கதிரைக் கண்ணாடி பெரும்பாலும் தடுத்துவிடும், ஏ வகை உள்ளே வந்துவிடும், காரின் பக்கக் கண்ணாடியிலும் அப்படித்தான். லோரி ஓட்டுகிற ஆண்களுக்கு ஜன்னல் பக்கத்துக் கைதான் முதலில் மாட்டும். மேகம் மூடிய நாளிலும் ஏ வகை வந்துகொண்டுதான் இருக்கும். சன்ஸ்கிரீன் பூசிக்கொள்கிறேன் என்பவர்கள் பாட்டிலில் எஸ்பிஎஃப் எண்ணை மட்டும் பார்க்கிறார்கள், அந்த எண் பெரும்பாலும் பி வகைக்கானது. ஏ வகைக்குப் ‘பிஏ’ என்று எழுதி அதற்குப் பக்கத்தில் கூட்டல் குறிகள் போட்டிருக்கும், அதைப் பாருங்கள். ஆனாலும் வேர்வையில் ஒரு மணி நேரத்தில் கரைந்து போகிற பூச்சை நம்பி பெர்கமொட் தடவ நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். தடிமனான முழுக்கைச் சட்டைக்குள் இருக்கும் தோல் பத்திரம். தெரியாமல் தடவிவிட்டால் வெளியே போகுமுன் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவி, அந்த இடத்தை மூடிக்கொண்டு போங்கள். கழுவினதால் முழுதும் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம், உள்ளே இறங்கினது இறங்கினதுதான். கொப்புளம் வந்துவிட்டால் குத்தி உடைக்காதீர்கள், மேலே வேறு எந்த எண்ணெயும் தடவாதீர்கள், கிளினிக் போங்கள். போகும்போது அந்த பாட்டிலையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

இன்னொரு குறையும் இருக்கிறது. மலேசியாவில் தோலில் பூசும் அழகுசாதனப் பொருள் விற்க, தேசிய மருந்தக ஒழுங்குமுறைப் பிரிவில் அறிவிப்புப் பதிந்து எண் வாங்க வேண்டும், ‘NOT’ என்ற மூன்று ஆங்கில எழுத்தில் தொடங்கும் அந்த எண்ணை அவர்களின் இணையதளத்தில் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். இந்த ரோல்-ஆனில் அந்த எண் இல்லை. நானும் சின்ன அளவில் விற்கிறவள், பதிவு வேலை எவ்வளவு அலைச்சல் என்று தெரியும், ஆனால் ஊரே கழுத்தில் தடவுகிற பொருளுக்கு அலைந்துதான் ஆக வேண்டும்.

இவ்வளவும் அக்காவிடம் நேரில் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன். ரோல்-ஆனில் லிமாவை வடித்ததாக மாற்றுகிறேன், பெர்கமொட்டுக்குப் பதில் இனிப்பு ஆரஞ்சு போட்டுப் பார்க்கிறேன் என்றார். பிழிந்த எண்ணெய் பாட்டில்களில் “தடவிவிட்டு வெயிலில் போகக்கூடாது” என்று தமிழிலும் மலாயிலும் ஒட்டச் சொல்லிக் கேட்டேன், யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். யோசிக்க இதில் என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. இந்த ஊரில் வாங்குகிறவர்களில் பாதிப் பேர் நாள் முழுக்க வெயிலில் நிற்கிறவர்கள். ரப்பர் பால் வெட்டுகிறவர்கள், செம்பனை வெட்டுகிறவர்கள், ரோட்டோரம் தண்ணீர்க் கடை போட்டு லிமாவ் பிழிகிறவர்கள். உச்சி வெயிலில் இங்கே புற ஊதாக் குறியீட்டு எண் 11 வரைக்கும், அதற்கு மேலேயும் ஏறுகிறது, அது ‘மிகக் கடுமை’ என்ற வகை.

அது வரைக்கும், இந்தக் கடைக்குப் போகிறவர்கள் செராய், யூக்கலிப்டஸ், நலங்கு மாவு மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். பிழிந்த லிமாவும் பெர்கமொட்டும் வாங்கினால் வீட்டில் வாசனைப் புகைக் கருவியில் போடுங்கள், முகருவதில் வெயில் பிரச்சினை இல்லை, சோப்பு காய்ச்சுகிறவர்களுக்கும் கழுவி விடுகிற பொருள் என்பதால் கவலை குறைவு. கல்லா பக்கத்து ரோல்-ஆனை எடுத்தால், எண்ணெய் மாற்றியாகிவிட்டதா என்று கேட்டுவிட்டுக் காசு கொடுங்கள், பழைய பாட்டில்களும் அதே வரிசையில்தான் இன்னும் நிற்கின்றன. ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவர்கள் கொண்டுபோய்க் கொடுத்தால் 18 வெள்ளியை (ரிங்கிட்) திருப்பித் தருகிறார்கள், ரசீது கேட்பதில்லை.